ரிம் பெருசானா காத்து குறையும்

இன்றைக்குப் பேசப்போற விஷயத்தை உங்களில் பாதிப் பேராவது ஒரு தடவை தேடிப் பார்த்திருப்பீங்க. கார் வாங்கி ஆறு மாசம் ஆகியிருக்கும். வண்டி நல்லாத்தான் ஓடும். ஆனால் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தால் மனசு ஆறாது. வீல் ஆர்ச் பெரிசா இருக்கு, அதுக்குள்ள ரிம் எங்கேயோ ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிற மாதிரி தெரியும். உடனே ஒரு எண்ணம்: "ஒரு பதினாறு, இல்லேன்னா பதினேழு இன்ச் அலாய் போட்டுடலாமா?"

இந்தக் கேள்வி நமக்கு அடிக்கடி வருகிறது. "போடலாம்", "போடக்கூடாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் எபிசோட் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால் போட்டால் எது மாறும், எது மாறக்கூடாது, அதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்ப்போம். கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு நீங்களே எடுங்கள்.

டயர் மேல எழுதியிருக்கிற எண்

முதலில் உங்கள் காரிடம் போய் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். உதாரணத்துக்கு 185/65 ஆர்15 என்று இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். அகலத்தில் 65 சதவீதம் டயரின் பக்கச் சுவர், அதாவது சைடுவாலின் உயரம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூன்றும் இருக்கிறது. யார் வைத்த வழக்கமோ, நாம் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது நம்ம ஊரில் தெருவுக்கு நாலு நிற்கிற ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2018-ல் வந்த மாருதி ஸ்விஃப்ட். கீழ் வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுத்த டயர் 165/80 ஆர்14. மேல் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15. ரிம் ஒரு இன்ச் பெரிது. அப்படியென்றால் சக்கரமும் ஒரு இன்ச் உயரமா? கணக்குப் போடுவோம். 165-ல் 80 சதவீதம் 132 மில்லிமீட்டர். மேலேயும் கீழேயும் சேர்த்து 264. அதோடு 14 இன்ச் ரிம், 355.6. மொத்த உயரம் சுமார் 620 மில்லிமீட்டர். அதே மாதிரி 185/65 ஆர்15-க்குப் போட்டால் சுமார் 621 வரும். வித்தியாசம் ரெண்டு மில்லிமீட்டர்கூட இல்லை.

கம்பெனி என்ன செய்திருக்கிறது பாருங்கள். ரிம்மைப் பெரிசாக்கியது, சைடுவாலைச் சின்னதாக்கியது, சக்கரத்தின் மொத்த உயரத்தை மட்டும் அசைக்கவே இல்லை. இன்றைய எபிசோடின் சாரமே இதுதான். நாம் கடையில் வாங்குவது பெரிய சக்கரம் என்று நினைக்கிறோம். சக்கரம் அதே அளவுதான். ரிம் பெருசாகுது, காத்து குறையுது. அவ்வளவுதான்.

இதே காரில் இன்னும் மேலே போனால், 195/55 ஆர்16 சரியாக 621 மில்லிமீட்டர் வரும். 205/45 ஆர்17 சுமார் 616. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆனால் சைடுவாலைப் பாருங்கள். 14 இன்ச்சில் 132 மில்லிமீட்டர், 15-ல் 120, 16-ல் 107, 17-ல் 92. பதினாலிலிருந்து பதினேழுக்குப் போனால் ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கிற மெத்தையில் நாலு சென்டிமீட்டர் காணாமல் போகிறது.

அந்த நாலு சென்டிமீட்டர்

நாலு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். என் பெரியம்மா பையன், எனக்கு அண்ணன் முறை, அவருடைய ஸ்விஃப்ட்டில் 17 இன்ச் போட்டிருந்தார். 45 புரொஃபைல் டயர். வண்டி பார்க்க அட்டகாசமாக இருக்கும், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

ஒரு ஐப்பசி மழையில், ராத்திரி ஒன்பதரை மணிக்கு, மரக்காணம் தாண்டி பாண்டிச்சேரி போகிற வழியில் இருந்து போன். "டேய், ரெண்டு டயர் போச்சுடா. ஸ்டெப்னி ஒண்ணுதானே இருக்கு." தண்ணி நிறைந்த ஒரு பள்ளம். முன் இடது சக்கரம் இறங்கி ஏறியது. அதே பள்ளத்தில் பின் இடது சக்கரமும் இறங்கியது. முன் டயரில் சைடுவால் கிழிந்துவிட்டது, பின்னால் ரிம்மின் ஓரம் வளைந்து காற்று இறங்கிவிட்டது. வண்டிக்குள் அண்ணி, நாலு வயசுக் குழந்தை, பெரியம்மா. ரோட்டில் விளக்கு இல்லை. பின்னால் வருகிற பஸ்ஸுக்கு இந்த வண்டி நிற்பது தெரியுமா தெரியாதா என்று பயந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓரமாகப் போய் நின்றிருக்கிறார்கள்.

டாக்ஸி வர ஒன்றரை மணி நேரம். மறுநாள் டயர் தேடினால் அந்த வழியில் இருந்த கடைகளில் 205/45 ஆர்17 ஸ்டாக்கே இல்லை. சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். வண்டி ரெண்டு நாள் அங்கேயே.

80 புரொஃபைல் டயராக இருந்திருந்தால் அந்தப் பள்ளத்தில் கண்டிப்பாகத் தப்பித்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பள்ளம் பள்ளம்தான். ஆனால் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது டயர் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். சைடுவால் மடங்கிக் கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். மடங்குவதற்கு இடம் இருக்கும் வரைக்கும் பிரச்சினை இல்லை. இடம் தீர்ந்துவிட்டால் ரப்பர், ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கும். பாக்குவெட்டி மாதிரி. உள்ளே இருக்கிற நூல் இழைகள் அறுந்துவிடும். சில சமயம் உடனே கிழியாது. ரெண்டு நாள் கழித்து சைடுவாலில் கொழுக்கட்டை மாதிரி ஒரு வீக்கம் தெரியும். அதைப் பஞ்சர் கடையில் ஒட்ட முடியாது. அந்த டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். வீங்கின டயரில் ஹைவே போவது பெரிய ஆபத்து.

வெளியே துருத்துமா, உள்ளே உரசுமா

உயரம் சரியாக இருந்தால் போதுமா? போதாது. ரிம்மில் இன்னும் சில அளவுகள் இருக்கு.

ஒன்று, போல்ட் வட்டம். கடையில் பி.சி.டி. என்பார்கள். 4x100 என்றால் நாலு போல்ட், 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில். இது சரியாகப் பொருந்தணும். "கொஞ்சம் இழுத்து டைட் பண்ணா உக்காந்துரும்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துடுங்க. அதே மாதிரி ரிம்மின் நடு ஓட்டை, காரின் ஹப்மேல் கச்சிதமாக உட்காரணும். வெளியில் விற்கிற ரிம்கள் பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் ஓட்டை பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போடுவார்கள். அது இல்லையென்றால் ரிம் நடுவில் சரியாக உட்காராமல், வேகம் கூடும்போது ஸ்டீயரிங் நடுங்கலாம். எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் தீராது.

இன்னொன்று ஆஃப்செட். ரிம்மில் ஈ.டி. என்று போட்டு ஒரு எண் இருக்கும். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போடுங்கள். ஹப்போடு ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். பழைய ரிம் ஐந்தரை இன்ச் அகலம், ஈ.டி. 45 என்று வைப்போம். புதிது ஏழு இன்ச் அகலம், ஈ.டி. 38. அகலம் ஒன்றரை இன்ச் கூடுவதால் பக்கத்துக்கு 19 மில்லிமீட்டர். ஆஃப்செட் 7 குறைவதால் சக்கரம் முழுவதும் 7 மில்லிமீட்டர் வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 26 மில்லிமீட்டர் துருத்தும், உள்பக்கம் 12 மில்லிமீட்டர் சஸ்பென்ஷனை நெருங்கும். ஒரு இன்ச்சுக்கு மேல் வெளியே வந்த சக்கரம், ஆள் ஏறி வண்டி இறங்கும்போது ஃபெண்டரில் உரசும். ஹப் பேரிங் மேல் விழுகிற நெம்புகோல் பலமும் கூடும். அதான் "டயர் மாத்துன ஒரு வருஷத்துல பேரிங் சத்தம் வருது" என்று சிலர் சொல்றாங்க.

கடையில் செய்ய வேண்டிய சோதனை சின்னது. ஒரு ரிம், ஒரு டயரை மட்டும் முதலில் மாட்டச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். பின் சீட்டில் மூணு பேரை ஏற்றி ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குங்கள். எங்காவது உரசினால் மீதி மூன்றுக்குப் பணம் கட்டாதீர்கள்.

எடை, மீட்டர், மழை

அலாய் என்றாலே லேசு என்று ஒரு நம்பிக்கை இருக்கு. ஒரே அளவில் நல்ல அலாய், ஸ்டீல் ரிம்மை விட லேசாக இருக்கலாம். ஆனால் 14 இன்ச் ஸ்டீலைக் கழற்றிவிட்டு விலை குறைந்த 17 இன்ச் வார்ப்பு அலாய் போட்டால், பெரும்பாலும் எடை கூடத்தான் செய்யும். அதுவும் எடை ரிம்மின் விளிம்புக்கு, அதாவது மையத்திலிருந்து வெளியே போகிறது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிப் பாருங்கள். கயிறு நீளமானால் சுற்றத் தொடங்கவும் கஷ்டம், நிறுத்தவும் கஷ்டம். ஸ்விஃப்ட் மாதிரி சின்ன எஞ்சினில் அந்த மந்தம் நன்றாகத் தெரியும். சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை, அதனால் குண்டு குழியில் வண்டி அதிகம் தடதடக்கும். கடையில் தராசு இருந்தால் பழைய ரிம்மையும் புதிய ரிம்மையும் நிறுத்துப் பாருங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை, காசு நம்முடையது.

அடுத்து மீட்டர். மொத்த உயரத்தை மதிக்காமல் டயர் போடுகிறவர்கள் உண்டு. அதே ஸ்விஃப்ட்டில் 205/65 ஆர்15 போட்டால் உயரம் சுமார் 647 மில்லிமீட்டர். பழையதை விட நாலரை சதவீதம் அதிகம். மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 104.5-ல் போகும். 1,000 கிலோமீட்டர் ஓடினால் 957 என்றுதான் காட்டும். "மைலேஜ் விழுந்துருச்சு ப்ரோ" என்பதில் ஒரு பங்கு இந்த மீட்டர் பொய். இவ்வளவும் செய்து தரையிலிருந்து வண்டி உயர்வது 14 மில்லிமீட்டர்தான், விட்டத்தில் கூடுவதில் பாதி. ஒரு விரல் தடிமன். மொத்த உயரத்தில் ரெண்டு சதவீதத்துக்கு மேல் மாற்றம் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் நல்லது.

இனி மழை. அகலமான டயருக்கு நல்ல பக்கமும் உண்டு. காய்ந்த ரோட்டில் வளைவில் பிடிப்பு கூடும், சைடுவால் குட்டையாக இருப்பதால் ஸ்டீயரிங் திருப்பினதும் வண்டி உடனே கேட்கும். ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டினவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். ஆனால் ரோட்டில் தண்ணி நிற்கும்போது, அதே காற்றழுத்தத்தில் அகலமான டயர் குறுகலான டயரை விடச் சீக்கிரம் தண்ணிமேல் மிதக்க ஆரம்பிக்கும். மிதக்கிற நேரத்தில் பிரேக்கும் கேட்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. டயரில் பட்டன் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம்.

தாங்குமா, சட்டம் விடுமா

அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் எழுத்தும் இருக்கும். நாம் கண்டுகொள்வதே இல்லை. அந்த எண் சுமைக் குறியீடு. 165/80 ஆர்14 டயரில் வழக்கமாக 85 இருக்கும், அதாவது ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 205/45 ஆர்17-ல் சாதாரண வகை 84, அதாவது 500 கிலோ. விலை அதிகம், அகலம் அதிகம், தாங்குவது குறைவு. அதே அளவில் எக்ஸ்.எல். என்று போட்ட வகையில் 88 வரும், 560 கிலோ. ஆனால் அந்தச் சுமையைத் தாங்க அதற்குக் காற்றழுத்தம் அதிகம் வைக்கணும். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற காற்றழுத்த ஸ்டிக்கர் பழைய அளவுக்கு எழுதினது. புதிய டயருக்கு அது பொருந்தாது. பழைய எண்ணைவிடக் குறைந்த சுமைக் குறியீட்டில் டயர் வாங்கவே வாங்காதீர்கள்.

சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் 182-ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். ரோட்டில் எத்தனை பேரைப் பிடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது, நீங்கள் சொல்லாமல் செய்த மாற்றம் அவர் கையில் ஒரு காரணமாகிவிடும். அண்ணன் கதையில் நல்லவேளை யாருக்கும் அடிபடவில்லை. பட்டிருந்தால் அந்த ராத்திரியோடு முடிந்திருக்காது.

அப்போ என்னதான் செய்யலாம்

என் கருத்து இது. உங்கள் மாடலுக்கே, மேல் வேரியன்ட்டில் கம்பெனி என்ன அளவு கொடுத்திருக்கிறதோ, அதுதான் எல்லை. 14 இன்ச் ஸ்விஃப்ட் என்றால் 15 இன்ச், 185/65. சஸ்பென்ஷன், பிரேக், மீட்டர் எல்லாவற்றையும் வைத்துக் கம்பெனி சோதித்த அளவு. உரசாது, மீட்டர் பொய் சொல்லாது, சுமைக் குறியீடும் 88. ஸ்டெப்னி பழைய 14 இன்ச்சாகவே இருந்தாலும் உயரம் ஒன்று என்பதால் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போய்ச் சேரலாம். முக்கியமா, எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கிற அளவு. ராத்திரி நேரத்தில் நடு வழியில் நிற்கும்போது இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

17 இன்ச்சுக்கு ஒதுக்கின பணம் மிச்சம் இருக்குமே, அதை டயரில் போடுங்கள். ரோட்டைத் தொடுவது ரிம் இல்லை. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கையை நம்பித்தான் குடும்பமே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

சென்னையில் ஜி.பி. ரோட்டுக்குப் போனாலும் சரி, உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, இதையெல்லாம் பார்த்து வாங்குங்கள். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும். சைடுவாலில் நாலு இலக்கத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. ரெண்டு மூணு வருஷம் கடையில் கிடந்த டயரை "ஆஃபர்" என்று கொடுத்தால் வேண்டாம். வெல்டிங் செய்த பழைய அலாய், எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். போல்ட், நட்டு அந்த ரிம்முக்கு உரிய வடிவமா என்று கேளுங்கள். அலைன்மென்ட், பேலன்சிங் முடித்து, ஒரு 100 கிலோமீட்டருக்குள் திரும்ப வந்து நட்டுகளை இன்னொரு தடவை டைட் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றின பழைய ரிம்மை விற்றுவிடாதீர்கள், வண்டியை விற்கும்போது தேவைப்படும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "எனக்கு 17 தான் வேணும், நான் சிட்டிக்குள்ள மட்டும் ஓட்டுவேன், சட்டப் பிரச்சினையும் என் பொறுப்பு" என்று ஒருத்தர் சொன்னால், அது அவருடைய முடிவு. அந்த 92 மில்லிமீட்டரைத் தெரிந்து வாங்குகிறார். அந்த வண்டியில் ஏறப்போகிற மற்றவர்களுக்கும் அது தெரிந்திருந்தால் நல்லது.

உங்கள் வண்டியின் டயர் அளவையும், போட நினைக்கிற அளவையும் நமக்கு அனுப்புங்கள். வருகிற எபிசோடில் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதற்கு முன்னால் இந்த வாரமே ஒரு வேலை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.